பறவைக் காய்ச்சல்: குட்டநாட்டு வாத்து முதல் தெருக் காகம் வரை – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கார்த்திகை, மார்கழி நெருங்கினால் கேரளத்திலிருந்து இந்தச் செய்தி வருவது ஏறக்குறைய வழக்கமாகிவிட்டது. ஆலப்புழை மாவட்டத்துக் குட்டநாட்டில் வாத்துகள் சாகின்றன, எல்லைச் சோதனைச் சாவடியில் லாரிச் சக்கரங்களுக்கு மருந்து அடிக்கிறார்கள், நாமக்கல்லில் முட்டை விலை இறங்குகிறது, வாட்ஸ்அப்பில் யாரோ “கோழி சாப்பிடாதீர்கள்” என்று அனுப்புகிறார்கள். இரண்டு வாரத்தில் செய்தி மறைந்துவிடும், நோய் மறையாது. ஒவ்வொரு முறையும் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளை இங்கே ஒன்றாகத் திரட்டிப் பதில் எழுதியிருக்கிறேன்.

பறவைக் காய்ச்சல் என்பது என்ன?

நமக்கு ஃப்ளூ காய்ச்சல் தரும் வைரஸின் பங்காளி. இன்ஃப்ளூயன்சா ஏ என்ற வகையைச் சேர்ந்தது. வைரஸின் மேற்புறத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு புரதங்களை வைத்து இதற்குப் பெயரிடுகிறார்கள். எச் என்ற புரதம் செல்லுக்குள் நுழைய உதவுகிறது. உள்ளே பெருகிய வைரஸ் வெளியேற உதவுவது என் என்ற புரதம். எச்5என்1, எச்5என்8, எச்9என்2 என்று செய்தியில் வருவதெல்லாம் இந்தக் கணக்குதான்.

இந்த வைரஸ்களின் பிறந்த வீடு நீர்ப்பறவைகள். காட்டு வாத்து, கடற்காகம், உள்ளான் போன்றவற்றின் உடலில் பெரிதாக நோய் எதுவும் காட்டாமல் இருந்து, எச்சத்தோடு நீரில் கலந்து, அடுத்த பறவைக்குப் போகும். பெரும்பாலான வகைகள் இப்படிச் சாதுவானவை. எச்5, எச்7 என்ற இரண்டு வகைகள் கோழிப் பண்ணைக்குள் நுழைந்த பிறகுதான் கதை மாறுகிறது.

எச் புரதம் ஓரிடத்தில் வெட்டுப்பட்டால்தான் வைரஸால் ஒரு செல்லைத் தொற்ற முடியும். சாதுவான வகையை வெட்டக்கூடிய நொதிகள் சுவாசக் குழாயிலும் குடலிலும் மட்டுமே இருக்கின்றன. அதனால் நோயும் அங்கேயே நின்றுவிடும். ஆயிரக்கணக்கான கோழிகள் நெருங்கி நிற்கும் கொட்டகையில் வைரஸ் கைமாறிக்கொண்டே இருக்கும்போது அந்த வெட்டுமிடம் மாறிவிடுவது உண்டு. மாறிய வகையை வெட்டும் நொதி உடலின் எல்லா உறுப்புகளிலும் இருக்கிறது. பிறகு மூளை, இதயம், ஈரல் என்று ஒன்றும் தப்பாது. கோழி ஓரிரு நாளில் செத்துவிடும். இதைத்தான் அதிதீவிர வகை என்கிறார்கள்.

இப்போது உலகைச் சுற்றும் எச்5என்1 எங்கிருந்து கிளம்பியது?

1996இல் சீனாவின் குவாங்டாங் மாகாணத்தில் ஒரு பண்ணையின் வளர்ப்பு வாத்துகளில் கண்டறியப்பட்டது. அடுத்த ஆண்டு ஹாங்காங்கில் 18 பேருக்குத் தொற்றி 6 பேர் இறந்தார்கள். அதற்கு முன்பு பறவையிலிருந்து மனிதருக்கு நேரடியாக வந்து உயிரைக் குடித்த இன்ஃப்ளூயன்சா என்று எதுவும் பதிவாகியிருக்கவில்லை. அந்த ஆண்டு டிசம்பர் இறுதியில் ஹாங்காங் அரசு நகரத்திலிருந்த அத்தனை கோழிகளையும், பத்து லட்சத்துக்கும் மேல், சில நாட்களில் கொன்று தீர்த்தது. உயிர்க்கோழிச் சந்தைகளில் வாத்தையும் கோழியையும் ஒன்றாக வைத்து விற்பதை நிறுத்தியது. பின்னர் மாதத்தில் ஒரு நாள் சந்தையை முழுவதுமாகக் காலி செய்து கழுவும் பழக்கத்தையும் கொண்டுவந்தது.

குவாங்டாங் வாத்தில் கண்ட அதே வைரஸின் பேரன் பேத்திகள்தான் இன்று அண்டார்டிகா வரை போயிருக்கின்றன. ஆகவே “காட்டுப் பறவைகளின் நோய் நம் கோழிக்கு வந்துவிட்டது” என்பது பாதி உண்மை. சாதுவான வைரஸைக் கொடுத்தது காட்டுப் பறவை. அதைக் கொலைகாரனாக்கித் திருப்பிக் கொடுத்தது நம் பண்ணை.

அப்படியானால் வலசைப் பறவைகள் பரப்புவதில்லையா?

பரப்புகின்றன. அதில் சந்தேகம் வேண்டாம். ஆனால் இந்தக் கேள்விக்கு ஒற்றைக் குற்றவாளியைத் தேடுகிறவர்கள் இரண்டு பக்கத்திலும் இருக்கிறார்கள். பண்ணை நடத்துபவர்கள் வானத்தைக் காட்டுகிறார்கள், பறவை ஆர்வலர்கள் லாரியைக் காட்டுகிறார்கள். இரண்டும் நடக்கிறது, அதுவும் ஒன்றன்பின் ஒன்றாக.

2005 வரை எச்5என்1 பெரும்பாலும் கிழக்காசியாவின், தென்கிழக்காசியாவின் பண்ணைகளிலும் சந்தைகளிலும் சுற்றிக்கொண்டிருந்தது. அந்த ஆண்டு மே மாதம் சீனாவின் சிங்காய் ஏரியில் வரித்தலை வாத்துகளும் மற்ற நீர்ப்பறவைகளும் ஆயிரக்கணக்கில் செத்து மிதந்தன. அதன்பிறகு ஓராண்டுக்குள் அது மேற்கே ஐரோப்பாவையும் ஆப்பிரிக்காவையும் எட்டியது. 2006 பிப்ரவரியில் மகாராஷ்டிரத்தின் நவாபூர் கோழிப் பண்ணைகளில் கண்டறியப்பட்டது இந்தியாவின் முதல் பரவல்.

2020 டிசம்பர் கடைசியில் இமாசலப் பிரதேசத்தின் போங் அணை நீர்த்தேக்கத்தில் நடந்ததும் இதைப் போன்றதுதான். குளிர்காலத்துக்காக இமயமலையைக் கடந்து வந்திறங்கிய பறவைகள் கரையோரம் கொத்துக் கொத்தாக விழுந்தன. செத்த 4,000க்கும் மேற்பட்ட பறவைகளில் பெரும்பாலானவை வரித்தலை வாத்துகள். திருநெல்வேலி மாவட்டத்துக் கூந்தன்குளத்துக்கும் குளிர்காலத்தில் வருகின்ற அதே இனம்.

இது வானம் சம்பந்தப்பட்ட பகுதி. தரையில் நடப்பதைப் பார்க்க அமெரிக்காவின் 2015ஆம் ஆண்டுப் பரவலைச் சொல்லலாம். முதலில் வைரஸைக் கொண்டுவந்தவை காட்டுப் பறவைகள்தான். ஆனால் அயோவா, மின்னசோட்டா மாநிலங்களில் பண்ணை பண்ணையாக அது தாவியபோது ஆய்வாளர்கள் கண்டது வேறு: பண்ணைகள் பொதுவில் பயன்படுத்திய கருவிகள், ஒரே நாளில் பல கொட்டகைகளுக்குப் போய்வந்த வேலையாட்கள், செத்த கோழிகளை ஏற்றிச்சென்ற வண்டிகள். சுமார் 5 கோடிப் பறவைகள் அந்த ஆண்டு போயின.

இங்கும் அதே வழிகள்தான். கழுவாமல் திரும்பி வரும் முட்டை அட்டை, கூண்டு, தீவன மூட்டை, செருப்பு. ஒரு கடையில் காலியான கூண்டு எச்சத்தோடு அடுத்த பண்ணையின் வாசலில் இறக்கப்படுவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வாத்துக் கூட்டம் பறந்து போவதை நம்மால் நிறுத்த முடியாது, கூண்டைக் கழுவ முடியும். அதனால்தான் பழியை வானத்தின் மேல் மட்டும் போடுவதில் எனக்கு உடன்பாடில்லை. அது சோம்பேறித்தனத்துக்குச் சாக்காகிவிடுகிறது.

குட்டநாட்டில் மட்டும் ஏன் இத்தனை முறை?

2014, 2016, 2020–21, மறுபடி 2021 டிசம்பர், 2022, 2024 என்று ஆலப்புழை மாவட்டமும் அதை ஒட்டிய கோட்டயம், பத்தனம்திட்டா பகுதிகளும் அடிபட்டுக்கொண்டே இருக்கின்றன. இதற்குக் காரணம் யாருடைய அலட்சியமும் மட்டும் அல்ல. குட்டநாட்டின் அமைப்பே அப்படி.

பம்பை, மணிமலை, மீனச்சில், அச்சன்கோவில் ஆறுகள் வேம்பநாட்டுக் காயலில் வந்து சேரும் இடம் அது. வயல்களில் பல கடல் மட்டத்துக்கும் கீழே இருக்கின்றன. பாடசேகரம் எனப்படும் வயல் தொகுதிகளைச் சுற்றி வரப்புக் கட்டி, தண்ணீரை இறைத்து வெளியேற்றித்தான் நெல் விதைக்கிறார்கள். அறுவடை முடிந்ததும் வாத்துக் கூட்டம் இறங்கும். உதிர்ந்த நெல், நத்தை, சிறு மீன், புழு எல்லாம் அவற்றுக்கு இரை. தீவனச் செலவு மிச்சம், வயலுக்கு எரு, பூச்சிக்கும் நத்தைக்கும் கட்டுப்பாடு. சாரா, செம்பல்லி என்ற நாட்டு வாத்து இனங்கள் இந்த வாழ்க்கைக்கென்றே வார்க்கப்பட்டவை. ஒரு வயல் தீர்ந்தால் கூட்டத்தை அடுத்த வயலுக்கு ஓட்டுவார்கள், தூரம் என்றால் லாரியில் ஏற்றுவார்கள்.

இதே வயலில், இதே நீரில், குளிர்காலம் முழுவதும் நீலச்சிறகியும் ஊசிவால் வாத்தும் கொக்கும் நாரையும் இறங்குகின்றன. காட்டு வாத்து எச்சமிட்ட நீரை அரை மணி நேரம் கழித்து வளர்ப்பு வாத்து அலகால் சல்லடை போட்டுக்கொண்டிருக்கும். வேலி என்று எதை எங்கே கட்டுவது?

தாய்லாந்தில் 2004இல் இதே நோய் கோரத்தாண்டவம் ஆடியபோது, நோய் கண்ட இடங்களின் வரைபடத்தை ஆய்வாளர்கள் எடுத்துவைத்துப் பார்த்தார்கள். அது கோழிப் பண்ணைகள் நெருங்கிய இடங்களோடு பொருந்தவில்லை. நெல் வயலில் மேயும் வாத்துகள் நிறைந்த இடங்களோடு பொருந்தியது. அதன்பின் தாய்லாந்து வாத்துகளைக் கொட்டகைக்குள் கொண்டுவரும் வேலையைத் தொடங்கியது. குட்டநாட்டிலும் இந்த யோசனை அவ்வப்போது எழுகிறது. ஆனால் கொட்டகையில் அடைத்தால் தீவனத்தை விலைக்கு வாங்க வேண்டும். வாங்கினால் சிறு வாத்துக்காரருக்கு மிஞ்சுவது ஒன்றுமில்லை. 2024இல் நோய் மறுபடி மறுபடி வந்தபோது கேரள அரசு ஆலப்புழையிலும் அண்டைப் பகுதிகளிலும் ஆண்டு இறுதிவரை வாத்து, கோழி வளர்க்கவே தடை போட்டது. நோயியல் பார்வையில் அது சரியான முடிவு. அந்தக் கிறிஸ்துமஸுக்கு வாத்து விற்க நினைத்திருந்தவரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

பண்ணையில் நோய் வந்தால் எப்படித் தெரியும்?

கோழியில் மறைக்கவே முடியாது. நேற்றுவரை நன்றாகத் தின்ற கூட்டம் இன்று தீவனத்தைத் தொடாது. கொண்டையும் தாடியும் வீங்கி நீலம் பாரிக்கும். இறகு மூடாத கால் பகுதியில் சிவப்புச் சிவப்பாக ரத்தக் கசிவு தெரியும். முட்டை திடீரென்று குறையும், அல்லது ஓடில்லாத தோல்முட்டை வரும். சில சமயம் எந்த அறிகுறியும் இல்லாமல் காலையில் கொட்டகையைத் திறந்தால் வரிசையாகச் செத்துக் கிடக்கும்.

வாத்து அப்படியல்ல. சில வகை வைரஸை அது சுமந்துகொண்டு நன்றாகவே நடமாடும். ஆபத்தே அதில்தான். நோய் முற்றிய வாத்துகளில் கண்ணின் கருவிழி பால்படிந்ததுபோல் மங்கி நீலம் கலந்த வெண்மையாகிவிடும். பார்வை போன வாத்து வயலில் திசை தெரியாமல் வட்டமடிக்கும், கழுத்தைப் பின்னுக்குத் திருகிக்கொண்டு மல்லாக்க விழுந்து காலை உதைக்கும்.

நாட்டுக்கோழி வளர்ப்பவர்களின் வழக்கமான குழப்பம் வெள்ளைக்கழிச்சல் என்ற வேறொரு கோழி நோய். அதிலும் கழுத்து திருகும், கூட்டம் கூட்டமாகச் சாகும். கண்ணால் பார்த்து இது அதுதான் என்று எந்த மருத்துவராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. வெள்ளைக்கழிச்சலுக்குத் தடுப்பூசி போட்ட கூட்டத்தில் திடீர்ச் சாவு என்றால் சந்தேகம் இன்னும் வலுக்க வேண்டும்.

பரிசோதனை எங்கே நடக்கிறது?

மாதிரிகள் போபாலில் இருக்கும் தேசிய உயர்பாதுகாப்பு விலங்கு நோய்கள் நிறுவனத்துக்குப் போகும். அங்கிருந்து உறுதியான முடிவு வந்த பிறகுதான் அரசு நடவடிக்கையைத் தொடங்கும். இடைப்பட்ட நாட்களில் பண்ணைக்காரர் என்ன செய்கிறார் என்பதில்தான் மீதிக் கதை இருக்கிறது. நல்லவர் வாசலைப் பூட்டி வைப்பார். வேறு சிலர் உயிரோடு இருப்பதை அவசரமாக விற்றுவிடப் பார்ப்பார்கள்.

நோயில்லாத பறவைகளையும் ஏன் கொல்கிறார்கள்?

இந்தியாவின் செயல்திட்டப்படி நோய் கண்ட இடத்தைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் இருக்கும் கோழி, வாத்து, காடை எல்லாம் கொல்லப்படும். பத்துக் கிலோமீட்டர் வரை கண்காணிப்புப் பகுதி. அங்கே விற்பனைக்கும் போக்குவரத்துக்கும் கட்டுப்பாடு. நோயில்லாததுபோல் தெரியும் பறவை இரண்டு நாளில் கோடிக்கணக்கான வைரஸை எச்சத்தில் கொட்டத் தொடங்கலாம். அது தொடங்குவதற்கு முன் தீர்த்துவிடுவதுதான் இதன் தர்க்கம். பரவல் தொடக்கத்திலேயே பிடிபட்டால் இந்த முறை வேலை செய்கிறது, தாமதமாகப் பிடிபட்டால் செய்வதில்லை.

வேலை எப்படி நடக்கிறது என்பதைப் பெரும்பாலோர் அறிவதில்லை. தலை முதல் கால்வரை மூடிய உடை, முகக்கவசம், கண்ணாடி, இரட்டைக் கையுறை அணிந்த குழுவினர் ஒவ்வொரு பறவையாகப் பிடித்துக் கழுத்தை முறிக்கிறார்கள். வழக்கமாக ஆழக் குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைப்பார்கள். குட்டநாட்டில் தோண்டினால் தண்ணீர் வரும். அதனால் விறகடுக்கி எரிக்கிறார்கள். அந்தக் கனமான உடைக்குள் கேரளத்துப் புழுக்கத்தில், தீயருகில் நின்று, சாக்குச் சாக்காக வாத்துகளைப் போடும் கால்நடைத் துறை ஊழியருக்குப் பிறகு பல நாட்கள் மருத்துவக் கண்காணிப்பும் உண்டு.

இழப்பீட்டுச் செலவை மத்திய, மாநில அரசுகள் பாதிப் பாதி ஏற்கின்றன. கேரளத்தில் 2014இல் இரண்டு மாதத்துக்கு மேற்பட்ட வாத்துக்கு 200 ரூபாய், அதற்குக் குறைந்ததற்கு 100 ரூபாய் என்று அறிவித்தார்கள். 2021இலும் அதே 200, அதே 100. தீவன விலை மட்டும் அதற்குள் அப்படியே நின்றுவிடவில்லை. பொதுவாக இழப்பீடு அரசு கொல்லும் பறவைக்குத்தான் கிடைக்கும், அதற்கு முன்பே செத்ததற்குக் கிடைப்பது கடினம். இந்த விதிக்கு நல்ல நோக்கம் இருக்கிறது: சீக்கிரம் தகவல் சொல்லத் தூண்டுவது. ஆனால் தொகை குறைவாகவும் தாமதமாகவும் வந்தால் அதே விதி மறைக்கவும் தூண்டும்.

தடுப்பூசி போட்டு முடித்துவிடலாமே?

போடும் நாடுகள் இருக்கின்றன. சீனா இருபது ஆண்டுகளாகப் போடுகிறது. அங்கே எச்7என்9 என்ற வகை மனிதர்களைத் தொற்றிக் கொன்றுகொண்டிருந்தபோது, 2017இல் கோழிகளுக்குப் பெருமளவில் தடுப்பூசி போடத் தொடங்கியதும் மனிதத் தொற்று சட்டென்று அடங்கியது. பிரான்ஸ் 2023 அக்டோபரிலிருந்து தன் வாத்துப் பண்ணைகளுக்குக் கட்டாயமாகப் போட்டது. அதற்கு முந்தைய பருவத்தில் நூற்றுக்கணக்கில் இருந்த பண்ணைப் பரவல்கள் அடுத்த பருவத்தில் பத்தாகக் குறைந்தன.

பிறகு ஏன் தயக்கம்? தடுப்பூசி சாவைத் தடுக்கும், தொற்றை முழுவதுமாகத் தடுக்காது. நலமாகத் தெரியும் கோழி சத்தமில்லாமல் வைரஸைப் பரப்பலாம். அதைக் கண்டுபிடிக்க ஓயாமல் பரிசோதனை செய்ய வேண்டும், வைரஸ் மாற மாறத் தடுப்பூசியையும் மாற்ற வேண்டும். இது ஒரு காரணம். இன்னொன்று வணிகம். தடுப்பூசி போட்ட நாட்டிலிருந்து கோழி வாங்கப் பிற நாடுகள் யோசிக்கும். பிரான்ஸ் போடத் தொடங்கியதும் அமெரிக்கா இறக்குமதிக்குக் கட்டுப்பாடு விதித்தது. இந்தியா இதுவரை அதிதீவிர வகைக்கு எதிராகக் கண்டுபிடி, கொல் என்ற வழியைத்தான் நம்புகிறது. ஆண்டுக்கு ஆண்டு திரும்பி வரும் குட்டநாடு போன்ற இடத்தின் வாத்துகளுக்காவது வேறு வழியை யோசிக்கும் காலம் வந்துவிட்டது என்பது என் எண்ணம்.

கோழி, முட்டை சாப்பிடலாமா?

சாப்பிடலாம். இந்த வைரஸ் 70 டிகிரி வெப்பத்தைத் தாங்காது. நம் குழம்பு கொதிக்கும் சூட்டில் அதற்குப் பிழைப்பே இல்லை. முட்டையை மஞ்சள் கரு இறுகும்வரை வேகவையுங்கள். அரைவேக்காடும் பச்சை முட்டையும் நோய் பரவும் காலத்தில் வேண்டாம்.

கவனம் வேண்டியது சாப்பாட்டு மேசையில் அல்ல, அதற்கு முன்னால். பச்சை இறைச்சியைக் கழுவும்போது தெறிக்கும் நீர், நறுக்கிய கத்தியாலேயே வெங்காயம் அரிவது, குழந்தை பச்சைத் துண்டை எடுத்து வாயில் வைப்பது. 2025 மார்ச்சில் ஆந்திரத்தின் பல்நாடு மாவட்டத்தில் எச்5என்1 தொற்றி இரண்டு வயதுக் குழந்தை இறந்தபோது வெளியான தகவல் பச்சைக் கோழித் துண்டைச் சாப்பிட்டது பற்றித்தான்.

கேரளத்தில் நோய் வந்தால் நாமக்கல்லில் ஏன் விலை விழுகிறது?

நாமக்கல் முட்டையின் பெரிய வாடிக்கையாளர் கேரளம். அங்கே மக்கள் பயந்து வாங்குவதை நிறுத்தினால் இங்கே கிடங்கில் தேங்கும். கோழியிடம் “ஒரு வாரம் முட்டையிடாதே” என்று சொல்ல முடியாது. அதற்குமேல் வளைகுடா நாடுகள் இந்திய முட்டைக்குத் தற்காலிகத் தடை போடுவதும் உண்டு. நோய் வந்தது வேறு மாநிலத்து வாத்துக்கு, அடி விழுவது இங்கே முட்டைக்கோழி வளர்ப்பவருக்கு.

அமெரிக்காவில் நேர்மாறாக நடந்தது. அங்கே முட்டைக்கோழிகளே கோடிக்கணக்கில் கொல்லப்பட்டதால் தட்டுப்பாடு வந்து, 2025 மார்ச்சில் ஒரு டஜன் முட்டையின் சராசரி விலை 6 டாலரைத் தாண்டியது.

காட்டுப் பறவைகளுக்கு என்ன நேர்ந்திருக்கிறது?

இதைப் பற்றி நம் ஊடகங்களில் வருவது மிகக் குறைவு. 2020க்கு முன்பு காட்டுப் பறவைகளில் பரவல் வந்தாலும் கோடையில் அடங்கிவிடும். இப்போது சுற்றும் கிளைவகை ஆண்டு முழுவதும் அவற்றுக்குள்ளேயே தங்கிவிட்டது. 2021 இறுதியில் அட்லாண்டிக்கைக் கடந்து கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தை அடைந்தது. 2022இல் பெரு நாட்டுக் கடற்கரையில் பெலிக்கன்கள் குவியல் குவியலாகச் செத்தன. 2023 அக்டோபரில் தெற்கு ஜார்ஜியா தீவு, 2024 பிப்ரவரியில் அண்டார்டிகப் பெருநிலம்.

ஸ்காட்லாந்துக்கு அருகில் பாஸ் ராக் என்ற ஒற்றைப் பாறைத் தீவு இருக்கிறது. கேனட் என்ற பெரிய வெள்ளைக் கடற்பறவைகளின் உலகிலேயே பெரிய குடியிருப்பு அது. 2022 கோடையில், பறவைகள் கூடு கட்டி முட்டையிட்டிருந்த நேரத்தில் நோய் புகுந்தது. கூட்டுக்குக் கூடு நெருக்கம், ஓடுவதற்கு இடமில்லை. குடியிருப்பில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு குறைந்துபோனது. பிழைத்தவற்றில் ஆராய்ச்சியாளர்கள் ஒரு விசித்திரத்தைக் கவனித்தார்கள். கேனட்டின் கண் வெளிறிய நீலம். சில பறவைகளுக்கு அந்த நீலம் முழுக்கக் கறுத்துவிட்டிருந்தது. ரத்தத்தைப் பரிசோதித்தபோது அவற்றில் பெரும்பாலானவை நோய் கண்டு மீண்டவை என்று தெரிந்தது.

எண்ணிக்கை குறைந்த இனங்களுக்கு இது இன்னும் கொடியது. அமெரிக்காவின் கலிஃபோர்னியா காண்டர் கழுகு உலகில் சில நூறுதான் இருக்கிறது. 2023இல் அரிசோனா கூட்டத்தில் 21 செத்தன. அதன்பின் அந்தக் கழுகுகளுக்குத் தடுப்பூசி போடத் தொடங்கினார்கள். காட்டுக் கழுகுக்கு ஊசி போடத் துணிந்தவர்கள் பண்ணைக் கோழிக்குத் தயங்குவது கொஞ்சம் வேடிக்கைதான்.

பாலூட்டிகளுக்கும் வருகிறதா?

வருகிறது. பெருவிலும் சிலியிலும் கடற்சிங்கங்கள் பல்லாயிரம் செத்தன. அர்ஜென்டினாவின் வல்தேஸ் தீபகற்பத்தில் 2023இல் மட்டும் 17,000க்கும் மேற்பட்ட யானை சீல் குட்டிகள் மாண்டன. அந்தப் பருவத்தில் பிறந்த குட்டிகளில் ஏறக்குறைய எல்லாமே.

பூனைக் குடும்பத்துக்கும் ஆகாது. நாக்பூரின் கோரேவாடா வனவிலங்கு மீட்பு மையத்தில் 2024 டிசம்பரில் மூன்று புலிகளும் ஒரு சிறுத்தையும் எச்5என்1 தொற்றி இறந்தன. புலிகளுக்குப் பச்சைக் கோழியிறைச்சி கொடுக்கும் இடங்களில் தாய்லாந்திலும் வியட்நாமிலும் இதற்கு முன்பே இப்படி நடந்திருக்கிறது. வீட்டுப் பூனைக்குக் கோழிக் கழிவைப் பச்சையாகப் போடுகிறவர்கள் கவனிக்க.

எல்லாரையும் திகைக்க வைத்தது மாடு. 2024 மார்ச்சில் அமெரிக்காவின் டெக்சாஸ், கான்சாஸ் மாநிலங்களில் கறவை மாடுகளில் இந்த வைரஸ் கண்டறியப்பட்டது. மடியில் பெருகிப் பாலில் ஏராளமாக வெளிவந்தது. பால் கறக்கும் கருவி வழியாக மாட்டுக்கு மாடு, மாடுகளை ஏற்றிச்சென்ற லாரி வழியாக மாநிலத்துக்கு மாநிலம் என்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட மந்தைகளுக்குப் பரவியது. காய்ச்சிய பாலில் ஆபத்தில்லை.

மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவுமா?

இதுவரை தொடர்ச்சியாகப் பரவவில்லை. மிக நெருங்கிய குடும்பத்தாருக்குள் ஓரிரு முறை பரவியிருக்கலாம் என்று கருதப்பட்ட நிகழ்வுகள் உண்டு, அவ்வளவுதான். பறவையின் செல்லில் வைரஸ் பற்றிக்கொள்ளும் பிடிமானமும் நம் மூக்கு, தொண்டையில் இருக்கும் பிடிமானமும் வேறு வேறு. பறவை வகைப் பிடிமானம் நமக்கு நுரையீரலின் ஆழத்தில்தான் அதிகம். அதனால் எளிதில் தொற்றாது. தொற்றினால் கடுமையாக இருக்கும்.

2003 முதல் உலக சுகாதார நிறுவனத்துக்கு வந்த எச்5என்1 மனிதத் தொற்றுகள் ஏறக்குறைய ஆயிரம். அதில் பாதிப் பேர் அளவுக்கு இறந்திருக்கிறார்கள். லேசான தொற்றுகள் கணக்கில் வராமல் போவதால் உண்மையான இறப்பு விகிதம் இதைவிடக் குறைவாக இருக்கக்கூடும். அமெரிக்காவில் பண்ணைத் தொழிலாளர்களுக்கு வந்த தொற்றுகளில் பல வெறும் கண் சிவப்போடு போய்விட்டன. இந்தியாவில் எச்5என்1 தொற்றிய முதல் மரணம் 2021 ஜூலையில் டெல்லியில் சிகிச்சை பெற்றுவந்த ஹரியானாச் சிறுவனுடையது.

கோழி, வாத்துகளோடு வேலை செய்பவருக்குக் காய்ச்சல், இருமல், மூச்சுத்திணறல் வந்தால், அருகில் பறவைகள் செத்திருந்தால், மருத்துவரிடம் அந்தத் தகவலை முதலில் சொல்ல வேண்டும். ஓசெல்டமிவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மருந்தைச் சீக்கிரம் தொடங்கினால்தான் பலன்.

தெருவில் காகம் செத்துக் கிடக்கிறது. என்ன செய்வது?

ஒரு காகம் செத்துக் கிடந்தால் மின்கம்பியோ வெயிலோ காரணமாக இருக்கலாம். ஒரே பகுதியில் சில நாட்களில் பல காகங்கள் விழுந்தால் உடனே கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லுங்கள். 2020 டிசம்பரில் ராஜஸ்தானின் ஜாலாவாரிலும், பின்னர் மத்தியப் பிரதேசத்தின் இந்தூரிலும் நோய் வந்ததை முதலில் காட்டிக்கொடுத்தவை காகங்கள்தான். கடைக்காரர் வாய்க்காலில் எறிந்த செத்த கோழியை முதலில் கொத்துவது காகம் என்பதால் இதில் வியப்பில்லை.

கையால் தொட வேண்டாம். படம் எடுத்துக்கொள்ளுங்கள், நாயும் பூனையும் நெருங்காமல் பாருங்கள். துறையினர் மாதிரி எடுப்பதற்கு முன் எரித்துவிடவும் வேண்டாம்.

வேடந்தாங்கலுக்குப் போகலாமா?

போகலாம். தூரத்தில் நின்று பார்ப்பதால் எதுவும் வராது. நீர்நிலையின் கரையில் எச்சம் மிதித்த செருப்போடு அன்றே கோழிப் பண்ணைக்குள் போகாதீர்கள், அவ்வளவுதான். நோய்க்குப் பயந்து பறவைகளை விரட்டுவதோ மரத்தை வெட்டுவதோ கூடாது. விரட்டப்பட்ட கூட்டம் நோயையும் எடுத்துக்கொண்டு வேறு குளத்துக்குப் போகும்.

வீட்டில் நாலைந்து நாட்டுக்கோழி வளர்க்கிறேன். அவற்றைக் கொடுத்துவிடுவதா?

தேவையில்லை. அக்கம்பக்கத்தில் பரவல் என்ற செய்தி வந்தால் சில நாட்கள் கூண்டை விட்டு வெளியே விடாதீர்கள். தண்ணீரும் தீவனமும் திறந்தவெளியில் காகமும் கொக்கும் வந்து வாய் வைக்கும்படி இருக்கக் கூடாது. குளத்து நீரை அப்படியே ஊற்ற வேண்டாம். குளிர்ந்த நீரில் இந்த வைரஸ் வாரக்கணக்கில் உயிரோடிருக்கும், நம் ஊர் வெயிலில் சீக்கிரம் செத்துவிடும். வைரஸின் மேலுறை கொழுப்பால் ஆனது என்பதால் சாதாரண சோப்பும் பிளீச்சிங் பவுடரும் சுண்ணாம்பும் போதும். கூண்டுக்கென்று தனியாக ஒரு ஜோடிச் செருப்பு வைத்துக்கொள்ளுங்கள். சந்தையிலிருந்து புதுக்கோழி வாங்கினால் இரண்டு வாரம் தனியே வைத்துப் பார்த்த பிறகு கூட்டத்தில் விடுங்கள். வாத்தும் வளர்ப்பதாக இருந்தால் கோழிக்கூண்டிலிருந்து தள்ளி, தண்ணீர்த் தொட்டியும் தனியாக.

செத்த கோழியை வாய்க்காலில் எறியாதீர்கள். ஒன்றிரண்டுக்கு மேல் செத்தால் புதைக்கும் முன்பே மருந்தகத்துக்குச் சொல்லிவிடுங்கள். உங்கள் நாலு கோழியோடு நிற்கும் வரைதான் அது உங்கள் பிரச்சினை.